பேட்ச் போட்ட கதவு

விடுமுறை நாள், கொட்டும் மழை, ஆளில்லாத ஆபீஸ் என்று எல்லாம் கூடி வந்த அந்தச் சாயங்காலத்தில், மேசைமேல் கிடந்த போன் உர்ரென்று அதிர்ந்து, அவன் வீட்டு வாசல் கதவு திறக்கப்பட்டதாகச் சொன்னது. திறந்தது யார் என்பதையும் சொன்னது. உரிமையாளர். அதாவது அவனேதான். அவனோ ஊரின் மறுகோடியில், கண்ணாடிச் சுவர்களுக்குள், கீபோர்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.

மனைவிக்குப் போன் செய்தான்.

"வாசக்கதவு மூடியிருக்கா பாரு."

"மூடித்தான் இருக்கு. வாரம் பூரா இதையே கேக்கறீங்க. உங்களுக்கு என்னதான் ஆச்சு?"

"எழுந்து போய்ப் பாத்துட்டுச் சொல்லு."

பெருமூச்சு ஒன்று கேட்டது. செருப்பு தரையைத் தேய்க்கும் சத்தம், டிவியில் ஏதோ பாட்டு, மகள் பாப்பா அந்தப் பாட்டோடு சேர்ந்து தப்பும் தவறுமாய்ப் பாடுவது, எல்லாம் காதில் விழுந்தது. ஆறு வயதுக் குழந்தை. அவன் உலகத்தில் யாரையாவது உண்மையாக நேசித்தான் என்றால் அது அவளைத்தான். அந்த ஒரு நல்ல குணத்தை அவனிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

"மூடித்தான் இருக்கு" என்றாள் மனைவி. "ஆனா மிதியடி சொதசொதன்னு நனைஞ்சிருக்கு."

"வெளில போட்டிருக்கறதா?"

"இல்லங்க. உள்ள இருக்கறது. பாப்பா தண்ணியக் கொட்டியிருப்பா, விடுங்க."

விடுங்க என்றால் விடுகிற விஷயமா இது. அந்த வாரத்தில் அவன் வீட்டுக் கதவு இப்படித் தானாகத் திறந்து மூடுவது பலமுறை ஆகிவிட்டது. எப்படித் திறக்கிறது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். யார் திறக்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. அதனால்தான் ஊரெல்லாம் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிற நாளில் இவன் மட்டும் நனைந்துகொண்டே ஆபீசுக்கு ஓடி வந்திருந்தான்.

அவன் கம்பெனி பூட்டு விற்கிற கம்பெனி. சாவி கிடையாது, போனைத் தொட்டால் கதவு திறக்கும். அந்தப் பூட்டுகளுக்குப் பின்னால் ஒரு வெப்சைட், அந்த வெப்சைட்டுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் என்ன செய்யவேண்டும் என்று வரிவரியாகச் சொல்லும் ஒரு ஸ்கிரிப்ட். அந்த ஸ்கிரிப்டை எழுதுகிற குழுவுக்கு இவன்தான் டீம் லீடர். அதில் ஓர் ஓட்டை இருந்தது. பெயரை எழுதச் சொல்லும் கட்டத்தில் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளையை எழுதிவிட்டால் போதும். இது பெயர்தானா என்றுகூடப் பார்க்காமல், ஸ்கிரிப்ட் அதை அப்படியே உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்து, எழுதியவரை வீட்டின் உரிமையாளர் என்று நம்பிக் கதவைத் திறந்துவிடும். வாசலில் நிற்பவன் 'நான்தான்டா உன் முதலாளி' என்றதும் தாழ்ப்பாளை நீக்கிவிடும் அசட்டு வேலைக்காரன் மாதிரி.

அதைக் கண்டுபிடித்தவள் துருவி.

எழுதிய ஸ்கிரிப்டில் தப்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் வேலை பார்த்தவள். எதையும் துருவித் துருவிப் பார்ப்பாள் என்பதற்காக இவன்தான் அந்தப் பெயரை வைத்தான், ஆபீசே பிடித்துக்கொண்டது. அவள் மீட்டிங்கில் எழுந்து நின்று, தன் வீட்டுக் கதவையே எடுத்துக்காட்டாக வைத்து, பெயர்க் கட்டத்தில் ஒரு வரியைத் தட்டி, மேசையிலிருந்தபடியே அதைத் திறந்து காட்டினாள். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இவன் மட்டும் சிரித்தான்.

"உன்னை மாதிரி வேலை வெட்டி இல்லாத துருவிங்கதான் இதைக் கண்டுபிடிப்பாங்க" என்றான். "ரிலீஸ் முடியட்டும், பாத்துக்கலாம்."

"சார், ஓட்டையை அடைக்கற பேட்ச் நானே எழுதிட்டேன். சின்னது. பெயர்க் கட்டத்துல வர்றதைப் பெயராவே வச்சுக்கோ, கட்டளையா எடுத்துக்காதேன்னு சொல்றது, அவ்வளவுதான். நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

"பாத்துக்கலாம்னு சொன்னேன்ல."

அன்று மாலை அவன் அறைக்குத் தனியாக வந்தாள். கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"சார், எனக்கு ஒரு பழைய புருஷன் இருக்கான். கோர்ட்டு வரைக்கும் போய்ப் பிரிஞ்சு வந்தவ நான். அவனுக்குப் பயந்துதான் நம்ம பூட்டையே வீட்டுல மாட்டினேன். தயவு பண்ணி அந்தப் பேட்ச்சைப் போடுங்க."

சொந்தப் பிரச்சினையை ஆபீசுக்குக் கொண்டு வராதே என்றான். ரிலீஸ் தேதி தள்ளிப்போனால் அவனுக்கு வரவேண்டிய பதவி உயர்வும் தள்ளிப்போகும். அது அவளுக்கு எப்படிப் புரியும். புரிய வேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று. ஓட்டைகளைக் கூறுகட்டி விற்கிற இடங்கள் இணையத்தில் எத்தனையோ இருக்கின்றன. அந்தப் பழைய புருஷன் எதிலோ போய்த் தேடி, அந்த ஒற்றை வரியைப் பிடித்துவிட்டான். ஒரு ராத்திரி பெயர்க் கட்டத்தில் அதைத் தட்டினான். கதவு மரியாதையாகத் திறந்து வழிவிட்டது.

போலீஸ் வந்து கம்பெனியைக் கேட்டது, கதவை யார் திறந்தார்கள் என்று. பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் இவன். உரிமையாளரே திறந்திருக்கிறார் என்று எழுதினான். ஸ்கிரிப்ட் அப்படித்தானே காட்டியது. மீட்டிங்கில் பார்த்தவர்கள் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அது பொய் காட்டுகிறது என்று அடித்துச் சொல்லியிருக்கக்கூடியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி செத்துப்போயிருந்தாள். "அவளேதான் கூப்பிட்டிருக்கா, அப்புறம் என்ன" என்று ஊர் பேசிக்கொண்டது. காப்பி மிஷின் பக்கத்தில் யாரோ அப்படிப் பேசியபோது இவனும் தலையாட்டினான். பாவி.

பதவி உயர்வு சரியான நேரத்துக்கு வந்தது. பேட்ச் மட்டும் அப்படியே கிடந்தது, ஏனென்றால் இப்போது அதைப் போட்டால் முன்பே போட்டிருக்கலாமே என்று எவனாவது கேட்பான். இன்று அவன் வீட்டுக் கதவு திறக்கிறது என்றதும் அந்தத் தயக்கமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மழை கண்ணாடியில் சளசளவென்று வழிந்துகொண்டிருந்தது. ஏசியை நிறுத்தியிருந்ததால் கார்ப்பெட்டிலிருந்து ஈர நாற்றம் கிளம்பி, பழைய காப்பிக் கறையின் வாசனையோடு கலந்து மூக்கில் ஏறியது. அந்த ஆபீசில் விளக்குகளுக்கு ஸ்விட்ச் கிடையாது. ஆள் அசைந்தால் அந்த வரிசை எரியும், அசையாவிட்டால் அணையும். அவன் தலைக்குமேல் ஒரு வரிசை எரிந்தது. மற்றதெல்லாம் இருட்டு. மேசைகளும் நாற்காலிகளும் அந்த இருட்டுக்குள் போகப் போகக் கலங்கி, கடைசியில் ஒன்றும் தெரியாமல் ஆயின. அந்தக் கடைசியில்தான் துருவியின் இடம். அவளுக்குப் பிறகு அங்கே யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லிக்கொள்ளாமல், எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு அது.

அவள் எழுதிய பேட்ச் பழைய கோப்புகளுக்கு நடுவே பத்திரமாக இருந்தது. திறந்து படித்தான். ஒரு குறை சொல்ல முடியாது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்ட மாதிரி தெளிவாக இருந்தது. ஓட்டையை அடைப்பதோடு விடவில்லை அவள். பழைய அனுமதிகள் எல்லாவற்றையும் ரத்து செய்து, வீட்டுக்குள் இருப்பவர் கதவோரத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தி 'நான்தான் உரிமையாளர்' என்று புதிதாக உறுதி செய்யும்படி வைத்திருந்தாள். நல்லதுதான், மனைவி உள்ளேதானே இருக்கிறாள், அழுத்திக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டு, அதை ஸ்கிரிப்டில் சேர்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

போன் அதிர்ந்தது. கதவு திறக்கப்பட்டது. உரிமையாளர்.

அப்போதுதான் அறையின் கடைசியில் ஒரு விளக்கு வரிசை எரிந்தது.

நிமிர்ந்து பார்த்தான். துருவியின் மேசை, அதன்மேல் தூசி, காலி நாற்காலி. யாரும் இல்லை. மழை ஈரத்தில் சென்சார் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டான், சத்தமாகவே சொல்லிக்கொண்டான், தன் குரலைக் கேட்டால் தைரியம் வரும் என்று. வரவில்லை.

சர்வர் அண்ணனுக்குப் போன் போட்டான். கம்பெனியின் சர்வர் மிஷின்களைக் கட்டி மேய்க்கிற ஆள். இவனுக்கு முன்னாலிருந்தே இருக்கிறவர்.

"அண்ணா, பேட்ச் போட்டுட்டேன். இன்னும் பழையபடியே கதவு திறக்குது."

"எந்தப் பேட்ச்?"

"பெயர்க் கட்டத்துப் பேட்ச்."

"இப்பவாவது போடத் தோணிச்சே உனக்கு" என்றார். "ஃபைலை மாத்திட்டா ஆச்சா? பழைய ஸ்கிரிப்ட் இன்னும் மெமரியில உயிரோட ஓடிட்டிருக்கும்ல. அதைக் கொன்னுட்டுப் புதுசை எழுப்பணும். எழுப்பினா எல்லாக் கதவும் ஒருதரம் பூட்டிக்கும், பயப்படாத."

வைத்துவிட்டார். கடைசி வரிசை விளக்கு அணைந்தது. அதற்கு முந்தைய வரிசை எரிந்தது.

அதுவும் அணைந்தது. அதற்கு முந்தையது எரிந்தது.

நடந்து வருகிற ஆளுக்குத்தான் விளக்குகள் இப்படி எரியும். நிதானமாக, அவசரமே இல்லாமல் நடக்கிற ஆளுக்கு. கார்ப்பெட்டில் காலடிச் சத்தம் கேட்காது, அவனுக்கும் கேட்கவில்லை. ஓடலாமா என்று நினைத்தான். ஓட வேண்டிய கதவு அந்த விளக்குகளின் பக்கம் இருந்தது. அப்போது மனைவி கூப்பிட்டாள். குரலில் பழைய அலுப்பு இல்லை.

"என்னங்க, பாப்பா சோபா பக்கத்துல உக்காந்து யார்கூடயோ பேசிட்டிருக்கா. யாருடின்னு கேட்டா, ஆன்ட்டிங்கறா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. கதவு வேற இப்ப நிஜமாவே திறந்து கிடக்கு."

அவன் கண் விளக்குகளின்மேல் இருந்தது. இன்னும் ஒரு வரிசை.

"வெளில எட்டிப் பாரு" என்றான். "வராந்தாவுல எவனாவது நிக்கறானா பாரு. மாடிப்படி வரைக்கும் போய்ப் பாரு."

"பாப்பாவ விட்டுட்டா?"

"ரெண்டு எட்டுதானே, போ. எவனோ கதவோட விளையாடறான். நான் இதோ பூட்டிடறேன்."

அவள் வெளியே போகும் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் பழைய ஸ்கிரிப்டைக் கொன்றான். புதியதை எழுப்பினான். அவசரத்தில் தப்பாகத் தட்டி, திருத்தி, மறுபடி தட்டினான். திரையில் எல்லாம் பச்சையாக மாறியது. போனில், தூரத்தில், கனமான கதவு ஒன்று தானாக வந்து சாத்திக்கொள்ளும் சத்தம். பூட்டு விழும் சத்தம்.

"என்னங்க" என்றாள் மனைவி. "கதவு மூடிக்கிச்சு. நான் வெளில நிக்கறேன். பாப்பா உள்ள இருக்கா."

ஆபீசில் அவன் தலைக்குமேல் இருந்ததைத் தவிர எல்லா விளக்கும் அணைந்தது. இனி இங்கே யாரும் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தது. அந்த அறை சட்டென்று வெறும் அறையாகிவிட்டது. வந்தவள் எங்கே போயிருப்பாள் என்பதும் தெரிந்தது.

தன் போனால் கதவைத் திறக்கப் பார்த்தான். அனுமதி இல்லை. பழைய அனுமதி ரத்து. வேறு வழியாக உள்ளே போகப் பார்த்தான், வேலை தெரிந்தவன்தானே. கடைசியில், வெட்கத்தை விட்டு, பெயர்க் கட்டத்தில் அந்தப் பழைய வரியையே தட்டினான். அவளுடைய பேட்ச் அதைப் பெயராக மட்டும் எடுத்துக்கொண்டு, அப்படி ஒருவர் இல்லை என்றது. அருமையான வேலை. எங்கேயும் ஓட்டை இல்லை.

சர்வர் அண்ணன் மறுபடி கூப்பிட்டார்.

"தம்பி, கேக்க மறந்துட்டேன். பேட்ச் போடறதுக்கு முன்னாடி, யாராவது ஏற்கெனவே உள்ள வந்திருக்காங்களான்னு பாத்தியா?"

"இல்லண்ணா."

"என்னப்பா நீ, லீடர்னு பேரு. முதல்ல உள்ள இருக்கறவனை வெளில தள்ளிட்டுத்தான் ஓட்டையை அடைக்கணும். எலி உள்ள இருக்கறப்ப பொந்தை அடைச்சா, அது வீட்டுக்குள்ளேயேதானே கிடக்கும்."

போனில் வீட்டு ஹால் கேமராவைத் திறந்தான். பாப்பா சோபாவுக்குக் கீழே உட்கார்ந்து கலர் பென்சிலால் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். வரைவதை நிறுத்தி, பக்கத்தில் நிமிர்ந்து பார்த்து, சிரித்து, தலையாட்டினாள். பக்கத்தில் ஒன்றும் இல்லை. பென்சில் ஒன்றை நீட்டினாள். நீட்டிய கை காலியாகத் திரும்பி வந்தது.

வாசல் கதவு கேமரா காட்சியின் இன்னொரு ஓரத்தில் இருந்தது. குழந்தையிடமிருந்து வெகு தூரத்தில். அங்கே, பெரியவர்கள் உயரத்தில், பச்சைப் பொத்தான் அமுங்கியது. மெதுவாக அமுங்கி, எழும்பியது.

போன் அதிர்ந்தது. உள்ளிருந்து உறுதி செய்யப்பட்டது. புதிய உரிமையாளர்.

கேமரா அணைந்துவிட்டது.

எப்படி வண்டியை எடுத்தான், எந்தச் சிக்னலில் நின்றான், எதில் நிற்கவில்லை, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. மழை. ஹாரன். மழை. யாரோ கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். லிப்ட் வரவில்லை, படி ஏறினான். மூச்சு நெஞ்சைக் கிழித்தது.

வாசலில் மனைவி கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கி நின்றிருந்தாள். கீழிருந்து வந்த காவலாளி கடப்பாரையை வைத்துக்கொண்டு எங்கே குத்துவது என்று தெரியாமல் விழித்தார். இரும்புக் கதவு. கம்பெனி ஆளுக்கென்று சலுகையில் கிடைத்த, இருப்பதிலேயே உறுதியான கதவு.

"சார், இது அசைய மாட்டேங்குது சார்."

கதவில் காதை வைத்தான். ஜில்லென்று இருந்தது.

"பாப்பா. அப்பா வந்துட்டேன்டா. கதவுகிட்ட வா."

சின்னக் காலடிகள் ஓடி வந்தன.

"அப்பா, ஏன் அம்மா அழறாங்க?"

"ஒண்ணுமில்லடா. அங்க பச்சையா ஒரு பொத்தான் இருக்குல்ல. நாற்காலி போட்டு ஏறி அமுக்கு."

"அது ஆன்ட்டியோடதுப்பா. நான் தொடக்கூடாதாம்."

மனைவி அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் தட்டிவிட்டான்.

"ஆன்ட்டி எப்படி வந்தாங்க பாப்பா?"

"நீங்கதான் கதவைத் திறந்து உள்ள விட்டீங்களாம். உங்களுக்கு எல்லாம் தெரியுமாம். கேட்டா நீங்க இல்லைன்னு சொல்லுவீங்களாம்."

அவன் கதவோடு சரிந்து உட்கார்ந்தான். கதவிடம் பேசினான்.

"நான் போலீஸ்ல சொல்லிடறேன். நீ திறக்கலன்னு சொல்லிடறேன். நாளைக்கே. இப்பவே. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். குழந்தை, அது ஒண்ணும் பண்ணலம்மா. அவளை மட்டும் விட்டுடு."

"யாரு திறக்கல?" என்றாள் மனைவி. "யார்கிட்ட பேசறீங்க? என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே டிவி நின்றுவிட்டது. மழைகூடத் தள்ளிப்போன மாதிரி இருந்தது.

கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான்.

ஹால் வெளிச்சம். தரை. கதவை ஒட்டிப் பாப்பாவின் பாதங்கள், நீலக் காலுறைகளோடு.

அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பாதங்கள். பெரியவை. வெறும் பாதங்கள்.

தலைக்குமேல், கதவின் உட்புறத்தில், தாழ்ப்பாள் நகர்வது கேட்டது. மின்சாரமும் ஸ்கிரிப்டும் இல்லாத வெறும் இரும்புத் தாழ்ப்பாள். நகர்ந்து, குழியில் விழுந்தது.

"பாப்பா" என்றான்.

நீலக் காலுறைகள் தரையிலிருந்து எழும்பின. முதலில் குதிகால். பிறகு விரல்கள். ஆடிக்கொண்டே மேலே போய், கண்ணுக்குத் தெரியாமல் ஆயின.

அந்த இரண்டு பாதங்கள் மட்டும் அங்கேயே நின்றன, விரல்கள் அவன் முகத்தைப் பார்த்தபடி.